வடிவம்மாள் வரைந்த வட்டம்

இரண்டு கைகள் தரையில் ஒரு பாலிதீன் தாளை விரித்துக்கொண்டிருந்தன. முழத்துக்கு முழம் சதுரமாக வெட்டிய தாள். இடது உள்ளங்கை தாளின் நடுவை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை ஓரத்தில் பழுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டே போனது. மூலைக்கு வந்ததும் கட்டைவிரல் நகம் டேப்பை இரண்டு முறை தேய்த்தது. காற்று நுழைய ஊசிமுனை இடம்கூட இருக்கக் கூடாது. வலது ஆள்காட்டி விரலின் ரேகைகளைப் பல வருஷ சிமென்ட் தின்றுவிட்டிருந்தது. ரேஷன் கடை இயந்திரத்தில் அந்த விரல் பதியாது. அறையின் நான்கு மூலைகளில் நான்கு தாள்கள், நடுவில் ஒன்று. ஐந்தாவதை ஒட்டி முடித்ததும் அந்தக் கைகள் தாளின் பக்கத்தில் சாக்பீஸால் நேரத்தை எழுதின: 10.40.

"அஞ்சு தாளு ஒட்டுததுக்கு அரை மணிக்கூரா? கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்ச தடவுத மாதிரில்லா தடவுத" என்றான் வாசல்படியில் உட்கார்ந்திருந்த லிங்கராஜ்.

"ஒனக்கென்னல அவசரம்? விரிக்கது நீ. பொங்குச்சுன்னா ஏச்சு வாங்குதது நானு" என்றாள் வடிவம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

லிங்கராஜ் அவளுடைய தம்பி. தரையில் ஒட்டும் வினைல் ஷீட் விரிப்பதில் திருவனந்தபுரத்தில் அவனுக்கு நல்ல பெயர். மூட்டு தெரியாமல் வெட்டி ஒட்டுவான். ஆனால் எந்தத் தரையிலும் அக்கா "விரி" என்று சொல்லாமல் அவன் சுருளைப் பிரிப்பதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் கிளினிக்கில் அவளுக்குக் காத்திராமல் விரித்தான். மூன்றாம் மாதம் ஷீட் இடத்துக்கு இடம் பப்படம் போலப் பொங்கியது. அத்தனையையும் பெயர்த்தெடுத்து, பழைய பசையைச் சுரண்டியது அவள்தான். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

வடிவம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. பணகுடிக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவன் பேச்சிமுத்துவுக்கு ஆரியசாலையில் ஒரு வெங்காய மொத்தக் கடையில் வேலை. அவள் சித்தாளாகத் தொடங்கினாள். மணல் சுமந்தாள். மொசைக் பாலிஷ் போடுகிற இடங்களில் சேறு வழித்தாள். பிறகு ஆஸ்பத்திரிகளில் வினைல் வந்தது. ஷீட் ஒட்டுவதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் பழைய தரையைச் சுரண்டிக் கழுவித் துடைக்கிற வேலை பெண்களுக்கு விழுந்தது. யாரும் கற்றுக்கொள்ள விரும்பாத வேலை என்பதால் யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பசை டிரம்மின் பக்கத்தில் ஒட்டியிருந்த மலையாளக் குறிப்பை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பஸ் போர்டு பார்த்துப் பழகிய மலையாளம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. தரை காய்ந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காய்ந்ததை எப்படி அறிவது என்று இல்லை. அதைப் பேச்சிமுத்துவின் கடையில் பார்த்தாள். வெங்காய மூட்டைகளுக்கு அடியில் பாலிதீன் விரித்திருப்பார்கள். காலையில் மூட்டையை நகர்த்தினால், சில இடங்களில் தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், சில இடங்களில் நிற்காது. மேலே எல்லாம் ஒரே மாதிரி காய்ந்த தரைதான்.

இந்த வேலையைப் பேசியது ஸ்நேகா. டெக்னோபார்க்கில் வேலை, நாற்பத்து மூன்று வயது. நகரத்தின் பழைய கோட்டைக்குள் இருக்கும் அவள் பெற்றோரின் அக்ரஹார வீட்டில், பின்பக்கத்துப் படுக்கையறை. கர்க்கிடக மாதத்து ஆடி மழையில் ஒரு காலை, அம்மா லலிதாம்பாள் அந்தச் சிவப்புக் காவித் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுபத்து மூன்று வயது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் வாக்கரோடு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். வேலை தொடங்கியதிலிருந்து பதினோராவது நாள், வியாழக்கிழமை, வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் வழுக்காத, மெத்தென்ற, மேடுபள்ளமில்லாத தரை வேண்டும். வாக்கரின் ஒரு கால் ஒரு சின்ன மேட்டில் இடறினாலும் போதும், இன்னொரு முறை அந்த எலும்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேலை தொடங்குமுன் வடிவம்மாள் வீட்டுக்காரரிடம் எப்போதும் ஒரு கேள்வி கேட்பாள். இங்கேயும் கேட்டாள். ஸ்நேகாவின் அப்பா வெங்கடசுப்ரமணியன் ஈசிச்சேரில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சாமி, அந்த ரூமுக்கு அடியில என்ன கெடக்கு? பைப்பு, கழிவுக் குழி, அந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லை. மண்ணாக்கும்."

"நல்லா ஓர்த்துப் பாருங்க சாமி."

"மண்ணுதான், வடிவு. நான் கட்டின ரூமாக்கும் அது. எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். தாள்களை ஒட்டிவிட்டு, மதியம் அந்த அறையின் நடுவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, டிபன்பாக்ஸைத் திறந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் 10.40க்கு அவள் தாள்களை உரித்தாள். நான்கு மூலைகளிலும் தாள் உலர்ந்து வந்தது. நடுத்தாளை உரிக்கவே வேண்டியிருக்கவில்லை. டேப் தானாகவே விட்டிருந்தது. தாளின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர். அது முத்து முத்தாக இல்லை. தூக்கியதும் ஓடி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

வடிவம்மாள் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றாள். பதினாறு வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஈரம் சுவரோரத்திலிருந்து வரும், மூலையிலிருந்து வரும். நான்கு மூலையும் காய்ந்திருக்க, நடு அறையில் தண்ணீர் எங்கிருந்து வரும்?

"வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட்டு அடிச்சு விட்டுரலாம்க்கா. நாள் இல்லலா" என்றான் லிங்கராஜ்.

"சும்மா கெட."

அவள் கரணையைத் திருப்பிப் பிடித்து, பிடியால் தரையைத் தட்டத் தொடங்கினாள். சுவரோரம் ஆரம்பித்து, சாண் சாணாக. டக், டக், டக். கெட்டியான, குட்டையான சத்தம். நடுவை நோக்கி வர, ஓர் இடத்தில் சத்தம் மாறியது. தும், தும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். திரும்பவும் சுவரோரம் போய், அடுத்த வரிசை. அங்கேயும் சத்தம் மாறிய இடத்தில் ஒரு புள்ளி. காவி பெயர்ந்து உள்ளே பொள்ளலாகும் இடங்கள் பழைய தரையில் சகஜம். ஆனால் அவை தாறுமாறாக இருக்கும், சிந்திய மாவு மாதிரி. இந்தப் புள்ளிகள் அப்படி இல்லை.

லிங்கராஜ் கிரைண்டிங் மெஷினை உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, அறையின் நடுவில் நிறுத்தி, வயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அறுபது கிலோ மெஷின்.

வடிவம்மாள் முப்பத்தோரு புள்ளிகள் வைத்திருந்தாள். சாக்பீஸால் அவற்றை இணைத்துக்கொண்டே போனாள். தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர்ந்தது. அவள் எழுந்து நின்று பார்த்தாள்.

வட்டம். கவராயம் வைத்துப் போட்டதுபோல, ஐந்தடி அகலத்தில் சுத்தமான ஒரு வட்டம்.

குழாய் வட்டமாகப் போகாது. விரிசல் வட்டமாக ஓடாது. தரைக்கு அடியில், மனிதர்கள் வட்டமாகச் செய்கிற பொருள் என்னவென்று அவள் மனம் ஒவ்வொன்றாகத் தேடி ஒன்றில் போய் நின்றது. வட்டத்தின் நடுவில் லிங்கராஜ் குனிந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எல."

"என்ன?"

"மெசினை விடு. தொடாத. அப்படியே வெளிய வா."

"எதுக்கு? பாம்பா?"

"பேசாத. துள்ளாத. மெதுவா காலெடுத்து வச்சு எங்கிட்ட வா."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். நான்கு எட்டில் வர வேண்டிய தூரத்தை ஏழெட்டு எட்டாக வைத்து வந்தான். கோட்டைத் தாண்டியதும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டாள்.

சந்தேகம் போதாது, தெரிய வேண்டும். மெஷினைக் கயிறு போட்டு மெல்ல வெளியே இழுத்தார்கள். கட்டிலின் பலகை ஒன்றை வட்டத்துக்குக் குறுக்கே, இரண்டு நுனியும் கெட்டித் தரையில் பதிய வைத்தார்கள். வடிவம்மாள் அதன்மேல் குப்புறப் படுத்து, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே டிரில்லை வைத்தாள். காவி, சுண்ணாம்புக் காரை, செங்கல் துண்டு எல்லாம் பொடியாக வந்தன. நான்கு விரல் ஆழத்தில் டிரில் முனை சட்டென்று மெத்தென்ற எதிலோ இறங்கியது. வெளியே இழுத்தபோது முனையின் புரிகளில் கறுப்பாக, ஈரமாக ஏதோ சுற்றியிருந்தது. விரலால் நசுக்கி முகர்ந்தாள். மரம். உளுத்து ஊறிய பலா மரம்.

தரைக்குள் மரம் எதற்கு?

மறுபடி வைத்து அழுத்தினாள். டிரில் பிடிவரை உள்ளே போய்த் தரையில் மோதி நின்றது. கீழே பிடிப்பு எதுவும் இல்லை. துளையிலிருந்து குளிர்ந்த காற்று அவள் கன்னத்தில் பட்டது. ஒரு ஜல்லித் துண்டை எடுத்துத் துளைக்குள் விட்டாள்.

ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள், கீழே எங்கோ "களக்" என்றது.

டிரில் சத்தம் கேட்டு ஸ்நேகா லேப்டாப்பை மூடிவிட்டு வந்திருந்தாள். வெங்கடசுப்ரமணியன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"முப்பத்திரண்டடி" என்றார் அவர்.

அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஸ்நேகா திரும்பினாள். "என்ன சொன்னேள்?"

"ஆழம். முப்பத்திரண்டடி. கோடையிலும் பத்தடிக்குக் குறையாத தண்ணி."

"அப்பா! அப்போ ஒங்களுக்கு அறியாமோ?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சொல்லத் தொடங்கியபோது குரல் ஆபீஸ் கோப்பை வாசிப்பதுபோல இருந்தது. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் கொல்லை. கிணறு அங்கே இருந்தது. ஸ்நேகா தவழ ஆரம்பித்திருந்தாள். குடும்பம் பெருத்ததால் பின்பக்கம் ஓர் அறை எடுக்க வேண்டியிருந்தது. கிணற்றை மண் போட்டுத் தூர்த்தால்தான் அங்கே குழந்தையோடு படுப்பேன் என்றாள் லலிதாம்பாள். கிணற்றைத் தூர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது, நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்றாள் அவருடைய அம்மா. இருவரில் ஒருவரிடமும் 'முடியாது' என்று அவரால் சொல்ல முடியவில்லை. லலிதாம்பாள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில், இரண்டு வண்டி மண்ணைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிப் பரப்பினார். பாக்கி ஒன்பது வண்டி கிணற்றுக்குள் போய்விட்டது என்று அவளுக்குக் கடிதம் எழுதினார். கிணற்றின் வாயில் மூன்றங்குலப் பலாப் பலகைகளை அடுக்கி, மேலே காரை போட்டு, காவி மெழுகினார்.

"மூச்சு விடறதுக்கு ஒரு பைப்பும் வெச்சேன். பின் சுவத்துல" என்றார், அதையாவது சரியாகச் செய்ததுபோல.

வடிவம்மாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பைப்பு இருக்கு சாமி. வாயில சிமென்ட் அடைச்சிருக்கு."

"நாலு வருஷம் முந்தி பெயின்ட் அடிச்சா. அவா அடைச்சிருப்பா."

"அப்ப நாலு வருஷமாத் தரை வேர்த்திருக்குமே சாமி?"

ஸ்நேகாவின் முகம் வெளுத்துப்போவதை வடிவம்மாள் பார்த்தாள். மழைக்காலத்தில் இந்தத் தரை வியர்ப்பதும், வேலைக்காரி துணி போட்டுத் துடைப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பைப்பு அடைபட்டு வெளியேற வழியில்லாமல் போன கிணற்று ஈரம் காரை வழியாக வந்திருக்கிறது.

"அம்மா வழுக்கி விழுந்தது இந்த வேர்வையிலயா?" என்றாள் ஸ்நேகா. பிறகு, "நான் இதுமேலே ஸ்கிப்பிங் ஆடியிருக்கேன் அப்பா. என் பிள்ளைகள் குதிச்சிருக்கா. என்டெ ஈஸ்வரா!"

"அதனாலதான் நடுவுல கட்டிலைப் போட்டு வெச்சேன். யாரும் நடக்கப்படாதுன்னு. நடுப்பக்கம் நான் படுத்துப்பேன். அவளைச் சுவரோரமாத்தான் படுக்க விடுவேன்" என்றார்.

லிங்கராஜ் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாப்பத்திரெண்டு வருசம் கெணத்துமேல ஒறங்குன மனுசன்" என்று தனக்குத்தானே சொன்னான். "சாரே, நான் அரைமணிக்கூர் நின்னதுக்கே எனக்குக் காய்ச்சல் வருது."



அன்று மாலை ஸ்நேகாவோடு படித்த ஒரு இன்ஜினியர் வந்தார். மறுநாள் இரண்டு கொத்தனார்கள் ஓரத்திலிருந்து காரையை உடைத்தார்கள். பலகைகள் வெளியே வந்தபோது அவர்களே வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்றங்குலப் பலகையில் ஒரு விரல் கனம்தான் மரமாக மிஞ்சியிருந்தது. மீதி ஊறிய பிண்ணாக்குபோலக் கையில் பிய்ந்தது. அந்த ஒரு விரல் கனத்தின்மேல் கட்டில், இரண்டு பேர், ஒரு மர அலமாரி, நேற்றைக்கு ஒரு கிரைண்டிங் மெஷின். டார்ச் அடித்துப் பார்த்தால் வெகு கீழே தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. நான்கு முகங்கள் அதில் தெரிந்தன. முதலில் பின்வாங்கியது வெங்கடசுப்ரமணியன்.

கம்பி கட்டி கான்கிரீட் மூடி போடலாம், ஒரு மாதமாவது பிடிக்கும் என்றார் இன்ஜினியர். அதற்குமேல் வினைல் எப்போது விரிக்கலாம் என்று ஸ்நேகா கேட்டாள்.

"புதுக் கான்கிரீட்டு நாலஞ்சு மாசம் தண்ணி கக்கும். அதுவரைக்கும் நான் விரிக்கச் சொல்ல மாட்டேன்" என்றாள் வடிவம்மாள். "முன்ரூமைக் குடுங்க. எட்டு நாள் இருக்கு. அங்க போட்டுத் தாறேன்."

அப்படித்தான் முடிவாயிற்று. கிணற்றின்மேல் இரும்புக் கிராதி போட்டு, பின்னறையைப் பூட்டினார்கள். லலிதாம்பாளிடம் யார் சொல்வது என்பதுதான் மிச்சம்.

"நீங்களே சொல்லணும்" என்றாள் ஸ்நேகா அப்பாவிடம்.

அவர் தினமும் சாப்பாட்டுக் கூடையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று நாள் சொல்லாமல் திரும்பி வந்தார். நான்காம் நாள் கூடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தார். முன்னறை வாசலில் நின்று, தரையைச் சுரண்டிக்கொண்டிருந்த வடிவம்மாளிடம்தான் பேசினார். மகளிடம் பேசத் தைரியம் இல்லை.

"சொல்லிட்டேன், வடிவு."

"என்ன சொன்னாங்க?"

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு கேட்டா. அவ்வளவுதான். அப்பறம் கேசவுக்குப் போன் போட்டா." கேசவ் சென்னையில் இருக்கும் மகன். "வெள்ளிக்கிழமை பிளைட்டுல டிக்கெட் போடச் சொல்லிட்டா. இந்த ஆத்துக்கு வரமாட்டாளாம். நாப்பத்தெட்டு வருஷமாச்சு, அவ இல்லாம நான் ஒரு வாரம் இருந்ததில்லை."

அவர் அழுவார் என்று நினைத்து வடிவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அழவில்லை. கன்னத்தில் அறை வாங்கிய குழந்தை அழுவதற்கு முன் நிற்குமே, அப்படி நின்றார். அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இரண்டு முறை கேட்டும் மண் என்று சொன்னவர். கோபத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல், "உள்ள வராதீங்க சாமி, தூசி" என்றாள்.

அன்று சாயங்காலம் ஸ்நேகா வந்தாள். "அக்கா, அம்மா ஒண்ணு சொல்லியனுப்பியிருக்கா. வியாழக்கிழமை ஒரு தடவை வீட்டுக்கு வருவாளாம். தரை போட்டவளே நேரா சொல்லணுமாம், அடியில என்ன இருக்குன்னு. அதைக் கேட்டுட்டு, இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணுவாளாம்."

"நான் என்னத்தம்மா சொல்ல? அவங்களுக்கு நான் யாரு?"

"இந்த வீட்டுல தட்டிப் பாத்தது நீங்க ஒருத்திதானாம்."

கிணறு வெளிப்பட்ட நாளிலிருந்தே வடிவம்மாள் யாரிடமும் "அடியில் என்ன" என்று கேட்பதை விட்டுவிட்டிருந்தாள். முன்னறையைக் கையிலெடுத்த முதல் நாளே அதை உள்ளங்கை உள்ளங்கையாகத் தட்டினாள். ஒரு முழு நாள் அதற்கே போயிற்று. ஐந்து இடங்களில் துளை போட்டாள், மண் வரும்வரை. பாலிதீன் தாள்களை இரண்டு முறை ஒட்டினாள், இடம் மாற்றி.

"ஒனக்கு இப்ப எல்லாத் தரையும் கெணறுதான்" என்றான் லிங்கராஜ். ஆனால் அவனும் அந்த அறைக்குள் முதல் எட்டு வைக்குமுன் குதிகாலால் இரண்டு தடவை குத்திப் பார்த்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்தும் கேலி செய்யவில்லை.

தாள்கள் இரண்டு முறையும் காய்ந்தே வந்தன. ஆனால் தரையில் வேறு சிக்கல்கள் இருந்தன. சாமி விளக்கு மாடத்துக்குக் கீழே, தாம்பாளம் அளவுக்கு எண்ணெய்க் கறை. பல வருஷம் சொட்டிய எண்ணெய் சிமென்ட்டுக்குள் இறங்கியிருந்தது. அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவினால் மேலே போகும், நாளைக்கு அடியிலிருந்து திரும்பி வரும். அவள் அந்த இடத்தை உளியால் ஒரு விரல் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுக்கலவை வைத்தாள். பழைய மெழுகுப் பாலிஷை கிரைண்டரால் எடுத்தாள். ஆறடி மட்டக்கோலைத் தரையில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தாள். கோலுக்கு அடியில் ஒளி கசிந்த இடமெல்லாம் பள்ளம். கழுவின தண்ணீர் ஓடுவதற்காக அந்தக் காலத்தில் தரையை வாசல்பக்கம் சரித்திருந்தார்கள். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓர் அங்குலத்துக்குமேல் வித்தியாசம். வாக்கர் தானாகவே வாசலை நோக்கி இழுக்கும்.

தூசியை மூன்று முறை எடுத்தாள். மூன்றாம் முறை கறுப்புத் துணியால் துடைத்து, துணியில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்தாள். பிரைமர் அடித்தாள். லெவலிங் பவுடரைத் தண்ணீர் அளந்து கலக்கி ஊற்றினார்கள். லிங்கராஜ் முள் செருப்புப் போட்டுக்கொண்டு அதற்குள் நடந்து குமிழிகளை உடைத்தான். பால்போலப் பரவி, தானாகவே மட்டமாகிக்கொண்டு வந்தது தரை. அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காய வேண்டிய நேரத்துக்கு இன்னும் அரை நாள் கூடிற்று. புதன்கிழமை காலை, பழைய நைலான் சேலைத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அவள் தரை முழுதும் தடவிக்கொண்டே மண்டி போட்டு நகர்ந்தாள். மணல் பரு ஒன்று இருந்தாலும் நைலான் இழை மாட்டும். ஏழு இடத்தில் மாட்டியது. ஏழையும் தேய்த்தாள். மறுபடி தடவியபோது எங்கும் மாட்டவில்லை.

"விரி" என்றாள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் வாசலில் வந்து நின்றது. லலிதாம்பாள் நினைத்ததைவிடச் சின்ன உருவம். ஸ்நேகா ஒரு பக்கம் பிடிக்க, வாக்கரை ஊன்றி முன்னறை வாசல்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். வெங்கடசுப்ரமணியன் இரண்டடி தள்ளி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நீதானா வடிவம்மாள்?"

"ஆமாம்மா."

"இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"ஷீட்டும்மா, மூணு மில்லி. அதுக்குக் கீழ பசை. அப்புறம் நாங்க ஊத்துன லெவல். உள்ள அந்தச் சுவரோரம் ஒரு நூல் கனம், இங்க வாசல்ல ஒண்ணேகால் அங்குலம். அப்புறம் பழைய சிமென்ட்டுத் தரை. அப்புறம் செங்கச்சல்லி, ஆத்து மணல், அதுக்கும் கீழ செம்மண்ணு."

"செம்மண்ணுன்னு யார் சொன்னா? இவரா?"

"யாரும் சொல்லல. தோண்டிப் பாத்தேன்." வடிவம்மாள் ஜன்னல் திட்டிலிருந்து ஐந்து காகிதப் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினாள். "நாலு மூலையில நாலு, நடுவுல ஒண்ணு. அஞ்சு குழியிலயும் கடைசில வந்தது இதுதான்."

லலிதாம்பாள் ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, பொட்டலத்திலிருந்த மண்ணைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். உலர்ந்த மண். ஐந்தையும் அப்படியே பார்த்தாள். அவசரப்படவில்லை. நடுவிலிருந்து எடுத்த பொட்டலத்தை மட்டும் மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

"பதினோரு வண்டி மண்ணுன்னு எழுதினார்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "அந்தக் கடுதாசி இப்பவும் பெட்டியில இருக்கு."

"லலிதா" என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"நீங்க பேசாதேள். இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசாதேள்." பிறகு மகளிடம் திரும்பினாள். "கேசவ் கிட்டே டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லு. கட்டில் இங்கே ஒண்ணு போதும். அவர் கூடத்துல படுத்துக்கட்டும்."

வாக்கரைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான்கு ரப்பர் கால்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டன. ஆட்டமில்லை. ஓர் எட்டு, இன்னோர் எட்டு. அறையின் நடுவுக்கு வந்ததும் நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு தடவை கால்களுக்குக் கொடுத்துப் பார்த்தாள். வாசலில் லிங்கராஜ் தன்னையறியாமல் கையை முன்னே நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு வாரத்துக்குத் தண்ணி ஊத்திக் கழுவக் கூடாதும்மா. பிழிஞ்ச துணியால துடைக்கலாம். மாடத்துக்குக் கீழ ஒரு தட்டு வச்சுக்கோங்க, எண்ணெய் சொட்டக் கூடாது" என்றாள் வடிவம்மாள். மிச்சமிருந்த ஷீட் துண்டைச் சுருட்டிக் கயிறு கட்டி ஸ்நேகாவிடம் கொடுத்தாள். ஐந்து பொட்டலங்களையும் மடித்து லலிதாம்பாளின் கையில் வைத்தாள்.

"இனி இது உங்க தரைம்மா" என்றாள்.